பேச்சியம்மாள் விண்ணப்பத்தில் நான் எழுதிய வரி

சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி ரேவதி கேட்டு மூன்று வாரம் ஆகிறது. எனக்குப் பிறகு கோவில்பட்டிச் சங்க ஆபீசில் வேலைக்கு வந்திருக்கும் பெண் அவள். இரண்டு நாளைக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, மலர் அச்சுக்குப் போகுது. நீங்க மட்டுந்தான் பாக்கி" என்கிறாள். "நாளைக்குத் தாரேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறேன். இருபத்தொன்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து பிழைத்தவனுக்கு இப்போது பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. மூன்றிலும் எல்லோரையும் புகழ்ந்திருந்தேன், என்னையும் சேர்த்து.

இது நாலாவது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என்னைக் கிளப்பிவிட்டதும் ரேவதிதான். உதவி கேட்டு வரும் பிள்ளைகள் இனிமேல் விண்ணப்பத்தைச் செல்போனிலேயே நிரப்பலாமாம். "பழைய பாரத்தை அப்படியே ஏத்திட்டோம் அண்ணாச்சி. குடும்பச் சூழல் கட்டம்கூட மாத்தல" என்றாள் பெருமையாக. அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு வரைந்தவனே நான்தான். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

நான் முதலில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி பெயர் தங்கராஜ். அவர் எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனபோது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். தலைவர் வருஷத்துக்கு வருஷம் மாறுவார். தங்கராஜ் அண்ணாச்சி மாறவில்லை, நானும் மாறவில்லை. வேலை பழகியது என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதம் திட்டு வாங்கினேன், அடுத்த ஆறு மாதம் குறைவாக வாங்கினேன்.

திட்டு என்றால் சத்தம் கிடையாது. டீ கொண்டுவருகிறவரைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். கூட்டக் குறிப்பை நான் டைப் அடித்துக் கொடுத்தால் பென்சிலைக் காதிலிருந்து எடுப்பார். வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் பென்சில் நிற்கும். "மிகவும் மகிழ்ச்சியுடன் தீர்மானிக்கப்பட்டதுன்னு போட்டுருக்கீங்களே. அழுதுக்கிட்டுத் தீர்மானிச்சா அதையும் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு 'மிகவும் மகிழ்ச்சியுடன்' என்பதை அடித்துவிடுவார். யார் என்ன பேசினார் என்பதெல்லாம் குறிப்பில் வரக்கூடாது. முடிவு மட்டும்தான் வர வேண்டும். குறிப்பில் இல்லாதது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் மாதத்தில் இரண்டு நாள். கடைக்காரர்கள், தீப்பெட்டி முதலாளிகள், ஒரு டாக்டர், இரண்டு வக்கீல் என்று நாற்பது பேர் வருவார்கள். ஐந்து மணிக்கே போய் நாற்காலி போட வேண்டும். தரையில் நூல் பிடித்து வரிசை பார்ப்பார் அண்ணாச்சி. மேடை மேஜையில் ஒரு வெண்கல மணியும் சின்ன மரச் சுத்தியலும் இருக்கும். தலைவர் கழுத்துப்பட்டையைப் போட்டுக்கொண்டு மணியைத் தட்டினால் கூட்டம் தொடங்கியது என்று அர்த்தம். அதற்கப்புறம் மேடைக்கு முன்னால் யாரும் குறுக்கே நடக்கக்கூடாது. எனக்கு இடது பக்கத் தூணோரம் ஒரு நாற்காலி. ஏதாவது தப்பு கண்ணில் பட்டால் துண்டுச் சீட்டில் எழுதி அண்ணாச்சி கையில் கொடுக்கலாம், ஆனால் மணிக்கு முன்னால். "மணி அடிச்ச பிறகு கூரையே விழுந்தாலும் கூட்டம் முடிஞ்சுதான் நீங்க சொல்லணும்" என்பார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

மாதம் ஒரு பிள்ளைக்கு உதவி என்று சங்கத்தில் ஒரு வழக்கம். படிப்பு, விளையாட்டு, தொழில் பழகுவது என்று எதற்கும் கேட்கலாம். பத்துப் பதினைந்து விண்ணப்பம் வரும். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு வரி எழுத வேண்டும். ஒரே ஒரு வரி. செயலாளர் அதைக் குழுவில் வாசிப்பார், குழு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கும். அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளையை மேடையில் நிறுத்தி, அதே வரியைச் சபைக்கு வாசித்து, போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்குள் எனக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. 'கூலி வேலை செய்யும் பெற்றோர்' என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும். ஏன் அண்ணன் வேலைக்குப் போகவில்லை, வீடு சொந்தமா வாடகையா, போன வருஷம் எங்கே கேட்டார்கள் என்று குடைவார்கள். 'தந்தையை இழந்தவர்' என்று எழுதினால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். டீ ஆறுவதற்குள் ஒப்புதல் ஆகிவிடும். உண்மையிலேயே அப்பா இல்லாத பிள்ளைகளுக்குத்தான் அப்படி எழுதினேன். ஆனால் அந்த வார்த்தையின் பலம் என் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வெளியூர்ப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அலைக்கழிக்க வேண்டாம் என்று வெற்றுப் பாரத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்வேன். விவரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம் சாவகாசமாக என் கையெழுத்தில் அழகாக நிரப்புவேன். பிள்ளைகளுக்கு நான் செய்யும் உதவி என்று அதை நினைத்திருந்தேன்.

பேச்சியம்மாள் வந்தது பதினாறு வருஷத்துக்கு முன்னால். ஊர், எப்போதும்வென்றான் பக்கம் ஒரு கிராமம். ஹாக்கி விளையாடுகிற பெண், கோல் கீப்பர். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைத் தொடாத வீடு குறைவு. நானும் சாயங்காலம் மைதானத்து ஓரம் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறவன்தான். அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். காலில் கட்டுகிற பேடு அவளுக்குச் சொந்தமாகக் கிடையாது. இரண்டு பேர் அளவுக்குப் பெரிய பழைய பேடு ஒன்றைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பாள். பந்து வரும்போது கண்ணை மூட மாட்டாள். அது எனக்குப் பிடிக்கும்.

விளையாட்டு விடுதிக்குத் தேர்வு நடக்கப் போகிறது, சொந்தப் பேடும் தலைக்கவசமும் கொண்டுபோக வேண்டும் என்று வந்து நின்றாள். "இந்த வருசம் விட்டா வயசு தாண்டிரும் சார்" என்றாள்.

"அப்பா என்ன செய்யுதாவ?"

"ஆடு சார். கெடை போடப் போயிருக்காவ, பாஞ்சாலங்குறிச்சி பக்கம். மழைக்கு முன்னாடி வந்துருவாவ."

கிடை என்றால், அறுப்பு முடிந்த கரிசல் நிலத்தில் எருவுக்காக ஆட்டு மந்தையை அடைத்துப் போடுவது. மந்தையோடு ஊர் ஊராகப் போய்விடுவார்கள், மாதக்கணக்கில் வீட்டுக்கு வர மாட்டார்கள். இதையெல்லாம் ஒரு வரியில் எழுதினால் குழுவில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை ஆடு, ஒரு ஆட்டை விற்றால் பேடு வாங்க முடியாதா என்பார்கள். அந்த மாதம் நல்ல விண்ணப்பம் வேறு இரண்டு இருந்தன.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். நான் பேனாவை எடுத்துக் குடும்பச் சூழல் கட்டத்தில் எழுதினேன்: 'இளம் வயதிலேயே தந்தையை இழந்தவர், தாயார் ஆடு மேய்த்துக் காப்பாற்றி வருகிறார்.' எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் பொய். நல்ல காரியம் செய்கிறேன் என்று சந்தோஷமாக எழுதினேன்.

குழு ஒரு நிமிஷத்தில் ஒப்புக்கொண்டது. பேடு, கையுறை, தலைக்கவசம் எல்லாம் புதிதாக வந்து மேடையில் துணி மூடி இருந்தது. தேர்வு அந்த வாரக் கடைசியில்.

கூட்டத்தன்று வாசலில் வருகைப் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நீலக் கரை வேட்டி, புதுச் சட்டை, மடிப்புக் கலையாத துண்டோடு ஒருத்தர் தயங்கித் தயங்கி வந்தார். கால் முழுக்கக் கரிசல் காய்ந்து வெடித்திருந்தது.

"ஆரு வேணும் அண்ணாச்சி?" என்றேன்.

"எம் மக இன்னைக்கு மேடை ஏறுதா. பேச்சியம்மா. தகவல் சொல்லி விட்டுருந்தா. ஆட்டைத் தம்பிகிட்ட விட்டுட்டு வாரேன். இங்கன உக்காரலாமா?"

நான்தான் அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். டீயும் நானே எடுத்துக் கொடுத்தேன். மணி அடிக்க நாலைந்து நிமிஷம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து 'தந்தை இருக்கிறார். கடைசி வரிசை. அந்த வரியை வாசிக்க வேண்டாம்' என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன். மேடைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். அண்ணாச்சி ஏன் என்று கேட்பார், அப்போது என்ன சொல்வது என்று நின்றேன். தலைவர் சுத்தியலை எடுத்தார். மணி அடித்துவிட்டது.

மணி அடித்துவிட்டதே என்று நான் தூணோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். சீட்டு உள்ளங்கையில் ஈரமாகிப்போனது. வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இடம் இதுதான்.

பேச்சியம்மாள் மேடைக்கு வந்தாள். தலைவர் அந்த வரியை நிறுத்தி நிதானமாக, குரலில் வருத்தம் ஏற்றி வாசித்தார். தந்தையை இழந்தவர் என்றபோது முன்வரிசையில் 'த்சொ' என்றார்கள். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் முதலில் புரியாமல் அக்கம் பக்கம் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல. அப்புறம் டீ டம்ளரை மெதுவாக நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

பேச்சியம்மாள் மைக்கைப் பிடித்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். "எங்கப்பா இருக்காவ. அந்தா கடைசில உக்காந்துருக்காவ" என்றாள்.

நாற்பது தலையும் திரும்பியது. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. பாரத்தைத் தூக்கிக் காட்டி, "அப்ப இது என்னம்மா? இது உன் கையெழுத்துதான?" என்று கேட்டார்.

அவள் அந்தத் தாளை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். பிறகு தூணோரம் என்னைப் பார்த்தாள். பந்து வரும்போது பார்ப்பாளே, அதே பார்வை. நான் குனிந்து குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"கையெழுத்து என்னோடதுதான்" என்றாள்.

அவள் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மடிப்பு அப்போதும் கலையாமல் இருந்தது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி அந்தப் பாரத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "கையெழுத்து மட்டும் அந்தப் பிள்ளையோடது. மத்ததெல்லாம் நீங்க எழுதுனதுல்லா?" என்றார். மிகத் தணிவான குரல். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதானே. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடத்தில். "அவ சொன்னதைத்தான் எழுதுனேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் பாரத்தை மடித்து வைத்தார். பென்சில் காதிலேயே இருந்தது. "சரி, குறிப்பு எழுதுங்க" என்றார். 'விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான தகவல் இருந்ததால் உதவி ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன். எழுதியதில் ஒரு எழுத்துகூட அவர் திருத்தவில்லை. நம்பினாரா இல்லையா என்று கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். நாலு வருஷம் முன்னால் அவர் தவறிவிட்டார். அவர் இருக்கும்போது சொல்லாததும் ஒன்று பாக்கி நிற்கிறது.

அந்தப் பேடு அடுத்த மாதம் வேறு யாருக்கோ போனது. பேச்சியம்மாள் தேர்வுக்குப் போகவில்லை. வயது தாண்டிவிட்டது. நான் மைதானத்து ஓரம் சைக்கிளை நிறுத்துவதை விட்டுவிட்டேன், வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன். அப்புறம் எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவி போயிற்று. தையல் மெஷின், காலேஜ் பீஸ், நர்சிங் படிப்பு என்று நிறையக் கொடுத்தோம். அதில் இரண்டு பேர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். மலரில் எழுத வேண்டியது அதைத்தான். எழுத உட்கார்ந்தால் அந்தத் துண்டின் மடிப்புதான் கண்ணுக்கு வருகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு பேச்சியம்மாளே ஆபீசுக்கு வந்தாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கோவில்பட்டியிலேயே கல்யாணம் செய்து குடியிருக்கிறாள். தன்னிடம் ஹாக்கி பழகும் மூன்று பெண்களுக்கு விண்ணப்பம் கொண்டுவந்திருந்தாள். மூன்றிலும் குடும்பச் சூழல் கட்டத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தாள்.

"இதை நிரப்பலயேம்மா" என்றேன்.

"வேணாம் அண்ணாச்சி. எப்படி வெளையாடுதாளுவன்னு மட்டும் பாருங்க."

இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி என்று அவள் கூப்பிட்டது அன்றுதான். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு எழுதுனது நான்தாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியுமே. கையெழுத்தைப் பாத்தாலே தெரியாதா? நீங்க எந்திரிச்சுச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரின்னு விட்டுட்டேன்" என்றாள்.

"தேர்வு போச்சேம்மா."

"அது போச்சுது. அதை நான் எப்பவோ விட்டாச்சு." விண்ணப்பங்களைப் பைலில் அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்கப்பாதான் விடல. நான்தான் அப்படி எழுதிக் குடுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் நெனச்சிட்டிருக்காவ. நான் எழுதலப்பான்னு எத்தனையோ மட்டம் சொல்லிப் பாத்துட்டேன். 'கையெழுத்து ஒன்னோடதுன்னு நீயே மைக்குல சொன்னேல்லா'ம்பாவ. கல்யாணத்துக்கு வந்து நின்னாவ, பேரனுக்கு வந்து தொட்டில் கட்டுனாவ. என் வீட்டுல ஒரு வாய் சோறு திங்க மாட்டாவ. பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல சாப்பிட்டுட்டுத்தான் வீட்டுக்கே வருவாவ. கேட்டா, 'செத்தவனுக்கு எதுக்குச் சோறு'ம்பாவ."

பைலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிலிருந்து மூன்று மாதம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரிவு உபசார விழாவில் சால்வை போர்த்தினார்கள், அப்பழுக்கற்றவர் என்று ஒருத்தர் பேசினார். எனக்குக் கழுத்து அரித்தது. போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரியும். காலையில் கிளம்புவேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன், எப்போதும்வென்றான் போர்டு போட்ட பஸ் என் முன்னால் நின்று போகும். நான் திரும்பி வந்துவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை ரேவதி அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். புதன்கிழமை ஏறிவிட்டேன்.

ஊரில் இறங்கி, பேச்சியம்மாள் அப்பா வேலுச்சாமி எங்கே என்று விசாரித்தபோது காட்டில் இருக்கிறார் என்றார்கள். பருத்தி எடுத்து முடிந்த நிலம். காய்ந்த செடிகளுக்கு நடுவில் இருபது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வேலுச்சாமி கம்பை ஊன்றி நின்றார். மெலிந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"சங்க ஆபீசுல கிளார்க்கா இருந்தேன். அன்னைக்கு ஒங்களை உக்கார வச்சு டீ குடுத்தேன்" என்றேன்.

அவர் கம்பை மாற்றிப் பிடித்தார். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. "அந்தப் பாரத்துல அப்படி எழுதுனது நான். ஒங்க மக இல்ல. வெத்துத் தாள்ல அவ கையெழுத்த வாங்கிட்டு, அவ போன பெறகு நான்தான் எழுதுனேன். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சே எழுதுனேன். அவளுக்குத் தெரியவே தெரியாது" என்று சொன்னேன். முடிவை மட்டும் எழுதிப் பழகிய எனக்கு அன்று அவ்வளவுதான் பேச வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வரப்பில் ஏறிய ஒரு குட்டியை "த்தா" என்று விரட்டினார். திரும்பி வந்து நின்றார்.

"அவ சொன்னா. நான் எழுதலப்பான்னு அழுதுக்கிட்டே சொன்னா. நாந்தான் நம்பல." கம்பை மண்ணில் குத்தி, "ஒத்தச் சொல்லு. அன்னைக்கே எந்திரிச்சு ஒத்தச் சொல்லு சொல்லிருக்கப்படாதா வே?" என்றார்.

சொல்லியிருக்கலாம் என்றேன். மணி அடித்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்கு எழுத்துத் தெரியாது. மக நம்பரு ரெண்டாவதா இருக்கும். போட்டுக் குடும்."

போட்டுக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு, எங்கேயோ தூரத்தில் இருக்கிறவளுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல் சத்தமாகப் பேசினார்.

"ஏட்டி, அப்பாதான். ஒண்ணுமில்ல, ஆடெல்லாம் நல்லாருக்கு. ரெண்டு மணி பஸ்ஸுல வாரேன். ஓட்டல் பக்கம் போவல, நேரா ஒன் வீட்டுக்குத்தான் வாரேன். சோறு வடிச்சு வையி."

மறுமுனையில் சத்தமே இல்லை. அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, கேக்குதா? சோறு. எனக்குப் பசிக்குதுட்டி."